கேமே விளையாடாதவர் வீடியோ கேம் இசைக் கச்சேரிக்குப் போகலாமா?

கேள்வி: என் மகள் வீடியோ கேம் இசைக் கச்சேரிக்கு என்னையும் கூப்பிடுகிறாள். கேம் விளையாடியே பழக்கமில்லாத எனக்கு அது புரியுமா? அது உண்மையான ஆர்கெஸ்ட்ரா இசைதானா?

தாராளமாகப் போங்கள். நானும் கேம் விளையாடுகிறவள் இல்லை, ஆனால் அப்படிப்பட்ட கச்சேரிகளில் மேடையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலா வாசிப்பவள். நிரந்தர இடம் கிடையாது, ஆள் குறையும் ஆர்கெஸ்ட்ராக்கள் கூப்பிட்டால் போவேன். அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் இரண்டாவது கேள்விக்காக. "உண்மையான" என்ற அந்தச் சொல்லைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். முதல்முறை இப்படி ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்டதை என் ஆசிரியரிடம் சொன்னேன். "அதையெல்லாம் வாசிச்சா கை கெட்டுப்போயிடும்மா" என்றார். எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அவர் மேல் இன்றும் மரியாதை உண்டு. அந்த ஒரு வாக்கியம் மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. நீங்கள் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை என்று நம்புகிறேன். மகளோடு போய் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்க நேருமோ என்ற தயக்கம்தான் உங்களுக்கு இருக்கும்.

நோட்டேஷன் கட்டு வந்ததும் பிரித்துப் பார்த்தேன். சுலபமாக இருக்கும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அதில் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' என்ற கேமிலிருந்து இரண்டு உருப்படிகள். 1997இல் வந்த கேம், இசை நோபுவோ உவேமாட்சு. முறையாக யாரிடமும் கற்காமல் தானே கற்றுக்கொண்டவர். ஒன்று 'ஒன் விங்டு ஏஞ்சல்', கடைசி எதிரியோடு நடக்கும் சண்டைக்கான இசை. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் தாக்கத்தில் எழுதியதாக உவேமாட்சுவே சொல்லியிருக்கிறார். வாசித்துப் பார்த்தால் தெரியும்: அழுத்தம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது, எல்லாத் தந்திக் கருவிகளும் ஒன்றாக வெட்டி வெட்டிப் போக வேண்டும், மேலே கோரஸ் லத்தீனில் பாடும். நான்கு நாள் சாதகம் செய்தும் ஒத்திகையில் இரண்டு இடத்தில் தவறினேன். கை கெடவில்லை. எனக்கே தெரியாத ஒரு பலவீனத்தை என் கை அன்றுதான் எனக்குக் காட்டியது.

இன்னொன்று 'ஏரித்' என்ற பெண்ணின் மெட்டு. மெதுவான, எளிய உருப்படி. வயோலாவுக்குப் பெரும்பாலும் நீளமான ஸ்வரங்கள்தான். ஒத்திகையில் கடமைக்கு வாசித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். என்னோடு ஒரே ஸ்டாண்டைப் பகிர்ந்துகொண்ட தம்பி தாளையே பார்க்காமல் வாசித்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் கேட்டேன்.

"அக்கா, அந்தப் பொண்ணு கதை பாதியிலேயே செத்துருவா. அப்பத்தான் இந்த மெட்டு ஆரம்பிக்கும். அடுத்த நொடியே எதிரி வந்து நிப்பான். எப்பவும் சண்டைன்னா சண்டை மியூசிக் மாறணும்ல? இங்க மாறாது. கை பட்டனை அழுத்திச் சண்டை போட்டுக்கிட்டே இருக்கும், காதுல இதே மெட்டு ஓடிக்கிட்டே இருக்கும்."

(இதை விளையாடப் போகிறவர்கள் மன்னிக்கவும். கதை வெளியாகி இத்தனை காலம் ஆகிவிட்டது, இதைச் சொல்லாமல் என் பதிலைச் சொல்லவும் முடியாது.)

அன்று மாலை அந்த உருப்படி தொடங்கி நான்கைந்து ஸ்வரம்கூட ஆகியிருக்காது, முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கச்சேரியில் ஆட்கள் அழுது பார்க்காதவள் இல்லை நான். ஆனால் அதெல்லாம் இசை மெல்ல மெல்லக் கட்டி எழுப்பிய பிறகு, உச்சியில் நடக்கும். இங்கே நாங்கள் இன்னும் எதையுமே கட்டவில்லை. அவர்கள் வீட்டிலிருந்தே அதைச் சுமந்து வந்திருந்தார்கள், நாங்கள் கதவை மட்டும் திறந்தோம். மதியம்வரை அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாத எனக்கு, அந்த நீள ஸ்வரங்களை அதற்கு முன் வாசித்த மாதிரி வாசிக்க முடியவில்லை. வில்லை அழுத்தாமல், அவசரப்படாமல், நுனிவரை இழுத்தேன். ஒரே ஒரு விளக்கம் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. உங்களுக்கும் அவ்வளவு போதும். அதைச் சொல்ல உங்கள் பக்கத்திலேயே மகள் இருப்பாள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் அழுதது கதைக்காகத்தானே, இசைக்காக இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். நார்வே இசையமைப்பாளர் க்ரீக் எழுதிய 'பீர் கிண்ட்' இசையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1876இல் இப்சனின் நாடகம் மேடையேறியபோது அதற்குப் பின்னணியாக வாசிக்கப்பட்டது. பிறகுதான் அதிலிருந்து பொறுக்கி இரண்டு தொகுப்புகள் ஆக்கினார். அதன் 'காலை' பகுதியை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கேட்க வந்தவர்களில் எத்தனை பேர் அந்த நாடகத்தைப் பார்த்திருப்பார்கள்? ஒருவரும் அவர்களைத் தடுத்து நிறுத்தி "நாடகம் பார்க்காத உனக்கு இது புரியுமா" என்று கேட்டதில்லை. உவேமாட்சுவும் க்ரீக்கும் சமம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திருப்பிவிடாதீர்கள். வேறொன்றுக்காக எழுதிய இசை அரங்குக்கு வந்து தன் காலில் நிற்பது பழைய வழக்கம் என்றுதான் சொல்கிறேன்.

புதிய மோகம் என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். 'டிராகன் குவெஸ்ட்' கேம் 1986இல் வந்தது. அது ஓடிய கேம் கருவியின் சிப்பில் மொத்தமே ஐந்து ஒலித்தடங்கள்தான், மெட்டுக்குப் பயன்படுபவை மூன்று. அந்த மூன்று தடத்துக்குள் ராஜசபை இசையை பழைய ஐரோப்பிய பரோக் பாணியில் எழுதினார் கொய்ச்சி சுகியாமா. அடுத்த வருடமே, 1987இல், டோக்கியோ சன்டோரி ஹாலில் அதை மேடைக் கச்சேரியாக்கினார். ஜப்பானுக்கு வெளியே முதல் கேம் இசைக் கச்சேரி 2003இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், கெவாண்ட்ஹவுஸ் அரங்கில், செக் தேசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்து நடந்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு 'டிராகன் குவெஸ்ட்' முகப்பிசையோடுதான் தொடங்கியது. 'சிவிலைசேஷன் 4' கேமுக்காக கிறிஸ்டோபர் டின் எழுதிய 'பாபா யெத்து' பாடல் 2011இல் கிராமி வாங்கியது. விருதை வைத்து இசையை எடைபோடுபவள் இல்லை நான், என் ஆசிரியர் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எல்லாக் கச்சேரியும் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். கேம் இசைக்கு முடிவு கிடையாது. விளையாடுகிறவர் அந்த இடத்தில் இரண்டு நிமிடம் நிற்பாரா, இரண்டு மணி நேரம் நிற்பாரா என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. அதனால் மெட்டு போய்ப் போய்த் தொடக்கத்துக்கே திரும்பும்படி எழுதுவார்கள். அரங்கில் அது எங்காவது முடிந்தாக வேண்டும். அந்த முடிவை எழுதுபவர் ஆர்கெஸ்ட்ராவுக்காக அதை விரித்து எழுதும் இசைக்கலைஞர். சோம்பேறியாக இருந்தால் மெட்டை இரண்டு முறை சுற்றவிட்டு, கடைசியில் சிம்பலை ஓங்கி அடித்து முடித்துவிடுவார். அப்படிப்பட்டதையும் வாசித்திருக்கிறேன், காதில் தாளத்தைக் காட்டும் க்ளிக் ஒலி ஓட, பின்னால் திரையில் ஓடும் காட்சிக்கு ஈடு கொடுத்து, ஒரு மூச்சுகூடத் தாமதிக்க முடியாமல். அதுதான் அலுப்பு. நல்லவர் கையில் கிடைத்தால் அதே மெட்டு வேறு உயரத்துக்குப் போகும். 2013இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் 'ஃபைனல் சிம்பொனி' கச்சேரி நடந்தது. அதில் திரை இல்லாமல், நான் சொன்ன அந்த ஏழாவது கேமின் இசையை மூன்று பகுதி சிம்பொனியாகவே எழுதியிருந்தார்கள். பிறகு லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அதை அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவு செய்தது. போவதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்தப் பதிவைக் கேளுங்கள்.

பதிவு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஒரு கேமின் இசைப்பதிவில் நான் வாசித்தேன். கேமுக்குப் பதிவு செய்வது வேறு மாதிரி. தந்திக் கருவிகள் ஒரு வேளை, பித்தளைக் கருவிகள் வேறொரு வேளை என்று தனித்தனியாகப் பிடிப்பார்கள். விளையாட்டில் எதிரி நெருங்கும்போது பித்தளையை மட்டும் ஏற்றவும், ஆபத்து போனதும் இறக்கவும் வசதி வேண்டும் அல்லவா, அதற்காக. எனவே டிரம்பெட் பாடும் இடத்தில் நாங்கள் வெறும் அமைதிக்குப் பக்கவாத்தியம் வாசித்தோம். இல்லாத ஒன்றை மனதுக்குள் கேட்டுக்கொண்டே அதன் கீழே வாசிப்பது லேசான காரியம் இல்லை. கேம் வெளிவந்தது. கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியல் முழுவதையும் அந்தத் தம்பி வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எத்தனையோ துறைகள், நூற்றுக்கணக்கான பெயர்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து "ஆர்கெஸ்ட்ரா" என்ற ஒரே சொல். கேட்டு எழுதினேன். ஒப்பந்தத்தில் பெயர் போடுவதாக இல்லை என்று பதில் வந்தது. உண்மைதான், ஒப்பந்தத்தில் இல்லை. பணம் ஒழுங்காகவே வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அமைதிக்குக் கீழே வாசித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அவற்றை எழுத ஒரு திரை அளவு இடம் போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போவதற்கு முன் நிகழ்ச்சி நிரலை மகளோடு ஒருமுறை பாருங்கள். எந்த உருப்படிக்காக அவள் காத்திருக்கிறாள், அந்த இடத்தில் கதையில் என்ன நடக்கிறது என்று கேட்டு வையுங்கள். ஒன்றிரண்டுக்குத் தெரிந்தால் போதும், மீதியை வெறும் இசையாகக் கேளுங்கள். திரை இருந்தால் எப்போதும் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பார்வை மேடைக்கும் வரட்டும். ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவருக்கு வலப்பக்கம், பெரும்பாலும் செல்லோக்களை ஒட்டி, வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவியோடு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மெட்டு அவர்களிடம் அதிகம் வராது. அவள் காத்திருக்கும் உருப்படி வரும்போது அந்தப் பக்கம் காதைக் கொடுங்கள். நடுவில் நீளமாக ஒரு ஸ்வரம் போய்க்கொண்டிருக்கும்.