பொன்னாடை போதும், வேலை கொடுங்கள்

கேள்வி: நான் திண்டுக்கல்லில் வசிக்கிறேன். வயது 66. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பகுதி மூத்த குடிமக்கள் மன்றத்துக்குப் போன ஏப்ரலில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். பதிவு பெற்ற சங்கம். ஏட்டில் 84 பேர். மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு, மண்டபத்து மாடியில் கூட்டம். வருவது இருபது பேர். அதில் பெண்கள் இரண்டோ மூன்றோதான். கடவுள் வாழ்த்து, பிறந்த நாள் கண்டவர்களுக்குப் பொன்னாடை, ஒரு டாக்டரின் சர்க்கரை நோய்ப் பேச்சு, அகவிலைப்படி வாக்குவாதம், சுண்டல், காபி. இதுதான் நிகழ்ச்சி. ஆடி மாதம் தனியாக இருந்த உறுப்பினர் ஒருவர் இறந்தது, பதினோரு நாள் கழித்துக் காரியப் பத்திரிகை வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து மனசு சரியில்லை. ஏதாவது மாற்றலாம் என்றால், "இருபது வருஷமா நல்லாத்தானே நடக்குது" என்கிறார் முன்னாள் தலைவர். இன்னொன்று: எங்கள் உறுப்பினரான ஓர் அம்மா, வீட்டை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு இன்று சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிறார். "அது குடும்ப விஷயம், மன்றம் தலையிடக் கூடாது" என்கிறது கமிட்டி. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு மாதம் பொறுக்கும். பசி பொறுக்காது.

கமிட்டி சொல்வது சட்டப்படியும் தவறு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால் ஜீவனாம்சம் கேட்டு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை உத்தரவிட முடியும். வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. மகனுக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. உங்கள் கமிட்டி படிக்க வேண்டிய இடம் 5ஆவது பிரிவு. முதியவரால் தானே மனு கொடுக்க முடியாத நிலை என்றால், அவர் ஒப்புதலோடு வேறொருவரோ பதிவு பெற்ற ஒரு தன்னார்வச் சங்கமோ அவர் சார்பில் கொடுக்கலாம். உங்கள் மன்றத்தைப் போன்ற அமைப்புகளை மனதில் வைத்தே அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. அதற்காகவே, உங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை மாவட்டப் பதிவாளருக்கு ஒழுங்காகப் போகிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு 23ஆவது பிரிவு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காமல் விட்டால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் சிக்குகின்றன. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். அதில் இல்லையென்றாலும் உடனே கைவிட வேண்டாம். இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலரைப் பாருங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அந்த அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். பல தாய்மார்களுக்கு மகனைக் கோட்டாட்சியர் முன் நிறுத்துவது பசியைவிடப் பெரிய வலி. மகனிடம் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினால், அவன் மதிக்கக்கூடிய ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். தீர்ப்பாயமே கூட சமரசத்துக்கு அனுப்பிப் பார்க்க முடியும். முடிவு அவருடையதாக இருக்கட்டும். அதுவரை மதியச் சாப்பாட்டுக்கு மன்றத்தில் நாலு வீடு முறை வைத்துக்கொள்ள முடியாதா? இதற்குத் தீர்மானம் போடக் காத்திருக்காதீர்கள்.

இனி மன்றத்துக்கு வருகிறேன்.

வருகிறவர்களை விருந்தாளியாக நடத்துவதுதான் உங்கள் மன்றத்தின் குறை என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்காலி போட்டு உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, அறிவுரை சொல்லி, சுண்டல் கொடுத்து அனுப்புகிறீர்கள். விருந்தாளி ஒரு மாதம் வராவிட்டால் யாரும் தேடுவதில்லை. 'நான் போகாவிட்டால் அங்கே ஒரு வேலை நின்றுபோகும், ஒருவர் எனக்காகக் காத்திருப்பார்' என்ற நினைப்பு இருந்தால்தான் எழுபத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஓய்வு பெற்ற மறுநாள் மனிதர்கள் இழப்பது சம்பளத்தைவிட இந்த நினைப்பைத்தான்.

முதல் வேலை காலை போன். 84 பேரையும் தெருவாரியாக ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் தினமும் காலை எட்டு மணிக்கு மற்ற ஐவரையும் கூப்பிட வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் பூங்கொத்துப் படம் வருவது இதற்கு ஈடாகாது. படத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம், குரல் அப்படியல்ல. இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால், பக்கத்து வீட்டில் இருக்கும் உறுப்பினர் ஒன்பது மணிக்குள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தனியாக இருப்பவர்கள் விரும்பினால் மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கட்டும். பிள்ளைகளின் எண், சாப்பிடும் மாத்திரைகள், பார்க்கும் டாக்டர் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கட்டும். ஆடி மாதம் நடந்தது இன்னொரு முறை நடக்காமல் இருக்க இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியவில்லை. கூப்பிடும் பொறுப்பை, இப்போது வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். படுக்கையிலிருந்தபடி ஐந்து பேரை விசாரிப்பது அவர்களுக்கும் ஒரு பிடிமானம்.

ஏட்டில் இருந்தும் வராத அறுபத்துச் சொச்சம் பேரை வீட்டுக்கே போய்ப் பாருங்கள். வீடு வீடாக ஏறி இறங்கிய வேலை உங்களுடையது. யார் வீட்டு வாசலில் எப்படிப் பேசுவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'ஏன் வருவதில்லை?' என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும். 'உங்களுக்கு என்ன தெரியும், எங்களுக்கு எதைச் சொல்லித் தருவீர்கள்?' என்று கேளுங்கள். பிரான்ஸின் துலூஸ் நகரில் 1973இல் முதியோருக்கென ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். பிரிட்டனுக்கு அது 1982இல் போனபோது தனி ஆசிரியர்களே இல்லாமல் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் முறையாக வளர்ந்தது. உங்கள் 84 பேரில் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் இருப்பார், தபால் ஆபீஸ்காரர் இருப்பார், தையல் தெரிந்தவர், சித்திரான்னம் ஐந்து வகை செய்பவர், தேவாரம் பாடுபவர் இருப்பார்கள். சர்க்கரை நோய்ப் பேச்சு வருஷத்துக்கு ஒன்று போதும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கும்போது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை, இயன்முறை சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வர வேண்டும். யாரைக் கேட்பது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பெண்கள் வராததற்கு ஆர்வமின்மை காரணமில்லை. ஞாயிறு காலை பத்து மணி என்பது ஆண்களுக்கு வசதியான நேரம். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் நாளில், கறிக்குழம்பு அடுப்பில் இருக்கும்போது எந்தப் பாட்டி கிளம்புவார்? வார நாளில் பத்தரை முதல் பன்னிரண்டரை வரை வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், காலைச் சமையலும் முடிந்திருக்கும். அடுத்தது இடம். மாடிப்படி வேண்டாம். தரைத்தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட்டும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிற இடம் வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களை நான் எத்தனையோ கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், அந்த பஸ் நிற்கும் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஏட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். எத்தனை பெண்கள் தங்கள் பெயரில் உறுப்பினர், எத்தனை பேர் 'உறுப்பினரின் மனைவி'? பென்ஷன் இல்லாத, வேலைக்கே போகாத பெண்ணுக்கும் தனிச் சந்தா, தனி ஓட்டு இருக்க வேண்டும். கணவர் காலமான பிறகு தாங்களும் மன்றத்தைச் சேர்ந்தவர்கள்தானா என்று தெரியாமல் ஒதுங்கிக்கொள்கிறவர்கள் நிறைய. காபியும் சுண்டலும் ஆண்கள் முறைவைத்துச் செய்யட்டும். வீட்டில் அறுபது வருஷம் பரிமாறியவர்கள் அங்கேயாவது உட்காரட்டும். தாயமும் பல்லாங்குழியும் கொண்டுவந்து வையுங்கள், பேச்சு தானாக வரும்.

உடற்பயிற்சிக்கு ஒரு வார்த்தை. முதியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. கீழே விழாமல் இருப்பதற்கு அதுதான் வழி. நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். யாருக்கு எது ஆகாது என்று பார்த்துச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

மன்றத்துக்கு வெளியே செய்யக்கூடியதில் நான் பெரிதாக நினைப்பது இரண்டு. ஒன்று, வாரம் ஒரு நாள் மனு எழுதும் மேசை. முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், வங்கிப் படிவம் என்று எழுதத் தெரியாமல் அலைகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆபீஸில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர்களின் கை சும்மா இருக்கிறது. நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். செல்போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யும் வசதி வந்துவிட்டது. இரண்டு பேர் அதைக் கற்றுக்கொண்டால், உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் அந்த மேசையிலேயே செய்து கொடுக்கலாம். இன்னொன்று, பக்கத்து அரசுப் பள்ளி. தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் அனுமதி பெற்று, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு வாரம் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். நான்கு பேர் போனால் போதும். ஆனால் அந்த நான்கு பேரும் சொன்ன நாளில் தவறாமல் போக வேண்டும். குழந்தைகள் எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

முன்னாள் தலைவரிடம் சண்டை போடாதீர்கள். இருபது வருஷம் ஒரு மன்றத்தை மூடாமல் நடத்தியது சாதாரணமில்லை. ஞாயிறு கூட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அகவிலைப்படிப் பேச்சும் இருக்கட்டும், பென்ஷனை நம்பி வாழ்கிறவர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினைதானே. புதிய வார நாள் கூட்டத்தைச் சோதனையாக மூன்று மாதம் என்று கமிட்டியில் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு யாரும் மறுக்க மாட்டார்கள். மனு மேசையின் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அதிகாரிகளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும், அவர் கையெழுத்துக்கும் மதிப்பு இருக்கும். எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். துணைச் செயலாளராக உங்களைவிட இளையவர் ஒருவரை, 61, 62 வயதுக்காரரை, இப்போதே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் பத்திர நகல் கைக்கு வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிவியுங்கள். அது இதழில் வராது, உங்களுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.