தூக்கினாலும் ஒட்டுதல் வரலையே, டாக்டர்!

கேள்வி: முதல் குழந்தை, பெண். இரண்டரை மாதம் ஆகிறது. சிசேரியன், எடை குறைவு என்று பிறந்ததும் ஐசியூவில் வைத்துவிட்டார்கள். முதல் ஒரு மணி நேரம் நெஞ்சோடு அணைக்காவிட்டால் பாசமே வராது என்று யூடியூபில் சொல்கிறார்கள். யாரைப் பார்த்தாலும் சிரிப்பவள், நான் கொஞ்சும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆட்டிசமா? எனக்கும் உள்ளே ஒன்றும் தோன்றுவதில்லை. அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தோழி கொடுத்த தூக்க மாத்திரை போடுகிறேன். நான் இல்லாமலே இவள் நன்றாக வளர்ந்துவிடுவாள் போலிருக்கிறது.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும் அம்மா. மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டரை மாதத்தில் பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கமில்லை, 'நான் இல்லாவிட்டால்' என்ற நினைப்பும் வருகிறது என்றால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாசக் குறைவு அல்ல, நோய். குணமாகும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை இன்றே கணவரிடம் காட்டுங்கள். நாளைக் காலை ஓசூர் ரோட்டில் உள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போங்கள். தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும் தனி வார்டு அங்கே உண்டு. நடுராத்திரியில் மனம் தத்தளித்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ தோன்றினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை வீட்டில் தனியாக இருக்க வேண்டாம்.

தோழி எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தார்? மாத்திரை அட்டையைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள், டாக்டர் பார்க்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைப்பது ஆபத்து. அசந்த தூக்கத்தில் கையோ போர்வையோ அவள் மூச்சை அடைத்தாலும் உங்களுக்குத் தெரியாது.

அந்த 'முதல் ஒரு மணி நேர' மிரட்டலை விடுங்கள். பிறந்ததும் அணைப்பது பால் குடிக்கவும் உடல் சூட்டுக்கும் நல்லது, அவ்வளவுதான். தவறினால் கதவு சாத்திவிடாது. எடை குறைந்த குழந்தைகளை நெஞ்சோடு கட்டிவைக்கும் கங்காரு முறையே, 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியதுதான். அதை அப்பாவும் செய்யலாம்.

யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறாள் என்று நீங்களே எழுதிவிட்டு ஆட்டிசமா என்று கேட்டால் எப்படி? மூன்று மாதம் முடிந்தும் சிரிக்காத, முகம் பார்க்காத குழந்தையைத்தான் உடனே காட்ட வேண்டும். முகம் திருப்புவது 'போதும், கொஞ்சம் விடு' என்கிற அவளுடைய பாஷை. பேசாமல் இருங்கள், தானே திரும்புவாள்.

முதுகை மெதுவாக, நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் வருடுங்கள். இதமான தொடுதலை உணரவென்றே தோலில் தனி நரம்புகள் உண்டு. அந்த வேகம் அவற்றுக்குப் பிடிக்கும். உங்களுக்கு உள்ளே ஒன்றும் தோன்றாவிட்டாலும் அவள் தோலுக்கு அது தெரியப்போவதில்லை. முடியாத நாளில் கணவர் வருடட்டும். எண்ணெய் தேய்க்கலாம், யார் சொன்னாலும் மூக்கில் மட்டும் விடாதீர்கள்.