சின்ன வெங்காயம் வேண்டாம், மத்தி போடுங்கள்

செல்லப் பிராணிகள் பகுதி: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர் பதில்களும்

கேள்வி: அக்கா, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கிரேஹவுண்டை இரண்டு மாதத்துக்கு முன் தத்தெடுத்தோம். நான்கு வயதுப் பெண் நாய், கறுப்பு. ராணி என்று பெயர் வைத்திருக்கிறோம். பின்தொடை இரண்டிலும் முடியே இல்லை, வயிறும் அப்படித்தான். சொறிவதில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "இது புழுவெட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய், முடி தானாக முளைக்கும்" என்கிறார். நண்பர் ஒருவர் தேங்காய் எண்ணெய் என்கிறார், இன்னொருவர் தைராய்டு என்கிறார். முன்பு இருந்த இடத்தில் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று என் மனைவி தினமும் அந்தத் தொடையைத் தடவிப் பார்த்துக் கலங்குகிறாள். வீட்டிலேயே என்ன செய்யலாம்?
– ஹேரோ, லண்டன்

பதில்: தம்பி, முதல் வேலையாக வெங்காயத்தை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே தேய்த்திருந்தால் இன்றே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள். அம்மா சொன்னது மனிதத் தலைக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வைத்தியம். எங்கள் அப்பத்தாவும் புழுவெட்டு என்றால் அம்மியில் வெங்காயத்தை நசுக்கிக்கொண்டுதான் வருவார். ஆனால் நாயின் தொடையில் எதைப் பூசினாலும் அது கழுத்தைத் திருப்பி நக்கிவிடும். கிரேஹவுண்டின் கழுத்து நீளத்துக்கு அது எட்டாத இடமே கிடையாது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாக இருந்தாலும், வதக்கினாலும், பொடியாக இருந்தாலும் அதே கதைதான். பூண்டும் அந்தக் குடும்பம்தான். கெடுதல் உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கருத்து வரும், நாய் சோர்ந்து படுக்கும். "நாய்க்கு அது விஷம் அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

இனி ராணியின் தொடைக்கு வருவோம். பந்தயக் கிரேஹவுண்டுகளில் இது அவ்வளவு சாதாரணம். இரண்டு பின்தொடையும் ஒரே மாதிரி வழுக்கை, தோல் வழவழப்பு, சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை என்றால் பெரும்பாலும் இது நோயே இல்லை. கூண்டுப் பலகையில் உரசுவதால் வருகிறது என்றார்கள், பந்தயக் காலத்து மன அழுத்தம் என்றார்கள், சாப்பாடு போதவில்லை என்றார்கள். சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் வேறு ஒன்று தெரியவந்தது. இந்த நாய்களின் முடித்தண்டின் அமைப்பிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது, முடி அங்கே முறிந்துபோகிறது. இதை உங்கள் மனைவியிடம் கட்டாயம் சொல்லுங்கள். நல்ல சாப்பாடும் நல்ல கவனிப்பும் கிடைத்த நாய்களுக்கும் இந்த வழுக்கை உண்டு. அந்தத் தொடையை வைத்து ராணியின் பழைய நாட்களைக் கணக்குப் போட வேண்டாம்.

தைராய்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் நானே தவறியிருக்கிறேன்.

என்னுடைய முதல் கிரேஹவுண்டை 2006-ல் எடுத்தேன். கிழக்கு லண்டன் வால்தம்ஸ்டோ நாய்ப் பந்தயத் திடலில் ஓடியவன். அந்தத் திடலை 2008 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். பந்தயத்தில் ஆறாம் எண் நாய்க்குப் போடும் கறுப்பு வெள்ளைப் பட்டை அங்கியோடு அவன் நிற்கும் படம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. மணி என்று கூப்பிட்டோம். அவனுக்கும் ராணி மாதிரியே பின்தொடை வழுக்கை. படித்த படிப்பு சும்மா இருக்க விடுமா, ரத்தம் எடுத்துத் தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் அளவு பார்த்தேன். குறைவு என்று வந்தது. மாத்திரை ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் அவன் இரவெல்லாம் மூச்சிரைக்க நடமாட ஆரம்பித்தான், விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பந்தய நாய்களையே பல வருடம் பார்த்த மூத்த மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "அது கிரேஹவுண்டுக்கு இயல்பான அளவு, உடனே நிறுத்து." மற்ற நாய்களைவிட இந்த இனத்துக்குத் தைராக்ஸின் பிறவியிலேயே குறைவு. முழு ஆரோக்கியமான நாய்க்கே ஆய்வுக்கூடத் தாளில் எல்லைக்குக் கீழே காட்டும். மாத்திரையை நிறுத்தியதும் மணி பழையபடி நாள் முழுக்கத் தூங்கினான்.

அதனால் யாராவது ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து மாத்திரை எழுதினால், "இது கிரேஹவுண்ட், இந்த இனத்துக்கான அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். உண்மையான தைராய்டு குறைபாட்டில் பெரும்பாலும் வழுக்கை மட்டும் தனியாக வராது. நாய் மந்தமாகும், எடை கூடும், கூடவே வேறு சில பரிசோதனைகளும் ஒத்துப்போக வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? எதையும் பூசுவதற்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் ராணியை ஜன்னல் ஓரம் படுக்க வைத்துப் பாருங்கள். தோலில் சிவப்பு, செதில், பொருக்கு, துர்நாற்றம் இருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒன்றுபோலவா? பிறகு ஒரு வெள்ளை டிஷ்யூத்தாளை நனைத்து வால் அடிப்பக்கம் முடிக்கு எதிர்த்திசையில் தேயுங்கள். மிளகுப்பொடி மாதிரி ஒட்டுகிற துகள், ஈரத்தில் கொஞ்ச நேரம் கழித்துச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, நாயின் செரித்த ரத்தம். அப்படியானால் வேலை தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போடுவதுதான். காது ஓரமும் முழங்கையும் சொறிந்து சொறிந்து முடி போயிருந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். லண்டன் தோட்டங்களில் திரியும் நரிகளிடமிருந்து அது நாய்களுக்குத் தொற்றுவதுண்டு. இரண்டும் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. இது எதுவும் இல்லை என்றால் பயப்படாமல் மேலே படியுங்கள்.

நான் அதிகம் நம்புவது சாப்பாட்டுக் கிண்ணத்தைத்தான். மத்தி மீன், உங்கள் ஊரில் சாளை என்பீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் கிடைக்கும். தண்ணீரில் போட்டதாக, உப்பு சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். தக்காளிச் சாறில் போட்டதும் உப்புநீரில் போட்டதும் வேண்டாம். ராணியின் அளவு நாய்க்கு வாரத்துக்கு ஒரு சிறு டப்பா, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. டப்பா மீனின் முள் மெத்தென்று இருக்கும், எடுக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு அவித்த முட்டை. இவை சேரும் நாளில் வழக்கமான உணவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மீன் பிடிக்காத வீடென்றால் சால்மன் எண்ணெய் ஊற்றலாம், கொஞ்சத்தில் ஆரம்பித்து. வயிற்றுப்போக்கு வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். காட் லிவர் ஆயிலை இதற்குப் பதிலாக ஊற்றாதீர்கள், அதில் வைட்டமின் ஏ அதிகம். முறிகிற முடியின் அமைப்பை மத்தி மாற்றிவிடாது. ஆனால் இருக்கிற தோலும் வருகிற முடியும் நன்றாக இருக்கும், அதை நான் ஒவ்வொரு நாயிலும் பார்த்திருக்கிறேன்.

தேங்காய் எண்ணெய் முடியை முளைக்க வைக்காது. பொடுகும் வறட்சியும் இருந்தால் விரல்நுனியில் தொட்டு, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மெல்லத் தடவலாம். தடவியதும் நடக்கக் கூட்டிப் போய்விடுங்கள், நக்குவதற்கு நேரம் கிடைக்காது. கரண்டி கரண்டியாக ஊட்டுவது வேண்டவே வேண்டாம், கணையத்துக்குக் கெடுதல். விளக்கெண்ணெயை நக்கினால் பேதிதான். டீ ட்ரீ எண்ணெய் சொட்டுக் கணக்கிலேயே நாய்க்கு விஷம். குழந்தைக்குப் போடும் டயப்பர் கிரீமில் துத்தநாகம் உண்டு, அதையும் நக்கவிடக் கூடாது.

குளிப்பாட்டலை மாதம் ஒன்றோடு நிறுத்துங்கள். ரப்பர் சீப்பால் மெதுவாகத் தேய்த்தால் போதும், அதுவும் முடி இருக்கும் இடத்தில். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, சிப்பிப்பாறை நாய்களோடு வளர்ந்தவள். அவற்றைப் போலவேதான் இதுவும்: மெலிந்த உடம்பு, காகிதம் போன்ற தோல், ஒரு முள்செடி பட்டாலே கிழியும். வழுக்கைத் தொடைக்குக் குளிரில் மேலங்கியும் கோடையில் நிழலும் தேவை. தடித்த மெத்தை போடுங்கள், கொழுப்பே இல்லாத எலும்பு தரையில் அழுந்தினால் முழங்கையிலும் முடி போய்க் காய்ப்பு காய்த்துவிடும்.

பிறகு காத்திருப்பதுதான். மாதம் ஒரு தடவை, அதே ஜன்னல் ஓரம், அதே நேரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். மணிக்கு எட்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் தொடையில் கை வைத்தேன். மொட்டை போட்ட பிள்ளையின் தலையை மூன்றாம் வாரம் தடவினால் எப்படிச் சொரசொரவென்று இருக்கும், அப்படி இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலது தொடை முழுக்க மூடிக்கொண்டது. இடது தொடை அவன் இருந்த ஒன்பது வருடமும் பாதி வழுக்கைதான். அந்தப் பாதித் தொடையை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு மல்லாந்து தூங்குவான், நாலு காலும் ஆகாயத்தில். அவனுக்கு ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: டாக்டர், எங்கள் கிரேஹவுண்ட் தத்தெடுத்து வந்து மூன்று வாரம். முன்னங்காலில் சின்ன வட்டமாக இரண்டு இடத்தில் முடி போய், ஓரத்தில் செதில் செதிலாக இருக்கிறது. அரிப்பு அதிகம் இல்லை. இதுவும் பந்தய நாய்களுக்கு வரும் வழுக்கைதானா? ஆப்பிள் வினிகர் தடவலாமா? மகள் கையிலும் ஒரு சிவப்பு வட்டம் தெரிகிறது.
– மெல்பர்ன்

பதில்: மகள் கையில் வட்டம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், அம்மா. அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வட்டம், செதில், ஒரு கால் மட்டும், வீட்டில் இன்னொருவருக்கும் என்றால் படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது பூஞ்சை, தொட்டால் ஒட்டும். பந்தய வழுக்கை பின்தொடையில் இரு பக்கமும் வருவது, ஒட்டாது.

வினிகர் வேண்டாம். செதிலும் கீறலும் உள்ள தோலில் எரியும், பூஞ்சையும் போகாது. இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஊதா விளக்கடியில் பார்ப்பார், அதில் ஒளிரவில்லை என்றாலும் படர்தாமரை இல்லை என்று ஆகிவிடாது. வட்டத்தின் ஓரத்து முடியைப் பிடுங்கி, அதில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரச் சில வாரம் ஆகலாம். அதுவரை நாயைக் கட்டில், சோபா பக்கம் விடாதீர்கள். உதிர்ந்த முடியில் பூஞ்சை பல மாதம் உயிரோடு இருக்கும், தினமும் வாக்குவம் போடுங்கள், நாயின் விரிப்பைத் தனியாகத் துவையுங்கள். மகளை உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் நாய் இருப்பதையும் சொல்லுங்கள். நாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று மட்டும் யோசிக்காதீர்கள். இது குணமாகும்.

கேள்வி: என் கணவர் தலைமுடிக்கு மினாக்ஸிடில் பூசுகிறார், நன்றாக முளைக்கிறது. எங்கள் கிரேஹவுண்டின் தொடையிலும் இரண்டு சொட்டு விடலாமா?
– லெஸ்டர்

பதில்: விடவே கூடாது. நாய்க்கு அது இதயத்தைப் பாதிக்கும், ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். இரண்டு சொட்டு என்று எண்ண வேண்டாம், நக்கினாலே ஆபத்து. உங்கள் கணவர் பூசியதும் கையைக் கழுவட்டும். ஈரம் காயும்வரை நாய் அவர் தலையையோ தலையணையையோ நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிந்தினால் துடைத்து, அந்தத் துணியை மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள். எப்போதாவது நக்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.