வீட்டில் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினால் பராமரிக்க முடியுமா? பிறகு விற்க முடியுமா?

பராமரிக்கலாம், விற்கவும் முடியும். ஆனால் போட்ட காசு முழுக்கத் திரும்பி வராது. இதைக் கேட்டால் எல்லோரும் "விசர் வேலை, பேசாமல் ஒரு டொயோட்டா விட்ஸ் வாங்குங்கோ" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு காரை ஒரு மாரிகாலமாவது வைத்திருந்திருப்பார்கள்? நான் வருடக்கணக்காக வைத்திருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

யாரோ விற்கிற திறந்த காரின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னுடையதும் அந்த மாதிரிதான். பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தட்டு, 1600 சிசி எஞ்சின், அதன் மேல் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பைபர் (கண்ணாடியிழை) உடல். கட்டியது திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கம் மீன்பிடிப் படகு வார்க்கிற ஒரு பாஸும் (எங்கள் ஊரில் கைவினை மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவோம்) நானும்.

நம்மூரில் இதென்ன கூத்து என்று கேட்பவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தில் 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பலர் பாகங்களாக வாங்கி வீட்டில்தான் பூட்டினார்கள், ஏனென்றால் அப்படி வாங்கினால் அந்தக் காலத்துக் கொள்வனவு வரி கட்டத் தேவையில்லை. அமெரிக்காவில் 1964இல் பீட்டில் பாகங்களை வைத்து மேயர்ஸ் மாங்ஸ் என்ற, மணலில் ஓடக்கூடிய திறந்த பைபர் பக்கி காரைக் கட்டிய புரூஸ் மேயர்ஸ், அதற்கு முன் பைபர் படகு வேலை செய்தவர். படகு வார்க்கிற கைக்குக் கார் உடலும் வரும் என்று அங்கே தெரிந்து அறுபது வருடமாகிறது. எங்கள் கரையில் அந்தக் கைகளுக்கு என்ன குறை?

பாஸ் முதலில் சிரித்தார், பிறகு உடலை வார்க்கிற அச்சைப் பார்த்ததும் அமைதியாகிவிட்டார். வெளிப்பூச்சான ஜெல்கோட் அடித்து, கண்ணாடியிழை மாட் விரித்து, பிசினான ரெசின் பூசி உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவது அவருக்குத் தினப்படி வேலை. கச்சான் வீசுகிற வெக்கையில் ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் குறைத்துக் கலக்காவிட்டால் வாளியிலேயே ரெசின் கட்டிவிடும் என்பதை எனக்குச் சொல்லித்தந்ததும் அவர்தான். இரும்பு வேலைதான் எங்களை யோசிக்க வைத்தது. பீட்டிலின் அடித்தட்டை வளையாமல் பிடித்திருப்பதில் பெரிய பங்கு அதன் இரும்பு உடலுக்கு. அதைக் கழற்றிவிட்டுப் பைபரை மட்டும் வைத்தால் நடுவில் தொய்யும். அதனால் சுற்றிவரப் பொக்ஸ் பாரில், அதாவது சதுர இரும்புக் குழாயில், ஒரு சட்டம் அடித்து, அதன் மேல்தான் உடலை இருத்தினோம். நீங்கள் வாங்கப்போகிற காரில் இந்தச் சட்டம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கதவு திறக்கும்போது ஒரு மாதிரியும் மூடும்போது இன்னொரு மாதிரியும் இருந்தால் அந்தக் கார் வேண்டாம்.

பராமரிப்பு என்றால் எங்கள் ஊரில் முதல் எதிரி உப்புக் காற்று. பைபருக்கு ஒன்றும் ஆகாது, கீழே இருக்கிற இரும்பைத்தான் அது தின்னும். பீட்டிலில் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும், அசிட் கசிந்து அந்த இடத்துத் தட்டுத்தான் முதலில் கறள் பிடித்து ஓட்டையாகும். நிலாவெளிப் பக்கம் ஓடிவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுவேன், அலுப்பாக இருந்தாலும்.

லைட் மங்கலாக எரிகிறது, சிக்னல் போட்டால் வேறு எதுவோ மினுங்குகிறது என்று பலர் எலெக்ட்ரீசியனுக்குக் காசு கொட்டுகிறார்கள். காரணம் பெரும்பாலும் எர்த், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகிற இணைப்பு. பைபரில் மின்சாரம் ஓடாது, ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக எர்த் வயர் இழுத்துச் சட்டத்தில் பூட்டவேண்டும். அடுத்தது எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்கள். திறந்த காரில் எஞ்சின் வெளியே தெரிந்தால் வடிவு என்று அவற்றைக் கழற்றிவிடுகிறார்கள். இது காற்றால் குளிர்கிற எஞ்சின், அந்தத் தகரங்கள்தான் காற்றைச் சிலிண்டர்களுக்கு வழிநடத்துகின்றன. அதுவும் பழைய மொடலில் ஒயில் கூலர் காற்றோட்டத்துக்குள்ளேயே நிற்பதால் 3ஆம் சிலிண்டருக்கு ஏற்கனவே சூடு அதிகம். தகரம் இல்லாத காரைக் கண்டால் எஞ்சின் எவ்வளவு சூட்டைத் தாங்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வால்வ் இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டர், ஒயில் இரண்டரை லீட்டர், 5000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடவேண்டும், ஏனென்றால் பேப்பர் பில்டர் கிடையாது, ஒரு வலைதான். இவற்றை எல்லாம் நீங்களே செய்யலாம். பெற்றோல் குழாயை மட்டும் வெடிப்புத் தெரிய முன்னமே மாற்றுங்கள். சூடான எஞ்சினில் பெற்றோல் ஒழுகிப் பைபர் பற்றிக்கொண்டால் அணைக்க நேரம் கிடைக்காது.

சரி, விற்பதற்கு வருகிறேன். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய கார்களின் விலை ஏறினதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்றம் என் காருக்குக் கிடைக்கவில்லை. விலை மதிப்பிட ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கார் இல்லை, லீசிங் இல்லை, முழுக் காப்புறுதி கேட்டால் கையை விரித்தார்கள். ஆகவே கையில் காசோடு வருகிறவருக்குத்தான் விற்கலாம். அப்படி வந்தவர்களில் ஒருவர், கொழும்பில் இருந்து வந்தவர், காரைத் தட்டிப் பார்த்துவிட்டு "இது ஒரிஜினல் இல்லையே அண்ணை, போட் கட்டுற ஆள் செய்ததுதானே" என்று அடித்தட்டின் இரும்பு விலை கேட்டார். எனக்கு நெஞ்சு கொதித்தது, காசுக்காக இல்லை. அந்தப் பாஸ் வார்த்த படகில் ஆட்கள் வாடைக்காற்றுக் கடலுக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். அவர் வார்த்த கார் மட்டும் நம்பக்கூடாதா?

இதைச் சொல்லாமல் விடமுடியவில்லை. எங்கள் சனம் இந்தத் தொழில்காரருக்குக் கொடுக்கிற மரியாதை இவ்வளவுதான். படிப்பு ஏறாதவன்தான் கராஜுக்குப் போவான் என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்கிறார்கள். பாஸிடம் பழகிய பொடியன்களுக்கு முகத்துக்கு ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுக்க ஆளில்லை, ரெசின் மணத்திலும் கண்ணாடித் தூசியிலும் நின்று வேலை பழகினார்கள், கடைசியில் கட்டாருக்குப் போய்விட்டார்கள். அங்கே அதே வேலைக்குச் சம்பளமும் கையுறையும் கிடைக்கிறதாம். போனவர்களில் நான் பிழை காணமாட்டேன். சங்கத்துக்குச் சங்கம் மேடை போடுகிறவர்கள் ஒரு நாள் அந்தப் பட்டறையை எட்டிப் பார்த்திருக்கலாம்.

விற்பனையில் எனக்கு உதவியது பத்திரங்கள்தான். அடித்தட்டில் அடித்த சேசிஸ் (அடிச்சட்ட) இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்திருந்தன, மாற்றியவை எல்லாம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருந்தன, புகைப் பரிசோதனைத் துண்டுகள் வருட வரிசையில் இருந்தன. கட்டும்போது எடுத்த படங்களையும் காட்டினேன், பைபருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவற்றில் தெரியும். இலக்கம் ஒத்துவராத கார் எவ்வளவு வடிவாக இருந்தாலும் தொடாதீர்கள். 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்கான எரிபொருள் அட்டைக்குச் சேசிஸ் இலக்கம் கேட்டபோது, பத்திரம் சரியில்லாதவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான்.

கடைசியில் மட்டக்களப்பில் இருந்து ஒரு தம்பி வந்தார். விலையைக் கேட்கவில்லை, முதலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே போய்ப் படுத்தார், சட்டத்தின் ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார், பிறகு வெளியே வந்து பைபர் செய்தது யார் என்று கேட்டார். கொழும்புக்காரர் பிறகு உயர்த்திச் சொன்ன விலையைவிடக் குறைத்து அவருக்குக் கொடுத்தேன். இளிச்சவாயன் என்று சொல்ல நினைப்பவர்கள் சொல்லட்டும், கார் இப்போதும் ஓடுகிறது.

வாங்குவதை விட்டுக் கட்டுவதென்று முடிவெடுத்தால், அச்சு இன்னும் பாஸின் பட்டறையில்தான் இருக்கிறது. இங்கே கீழே எழுதுங்கள், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். அவர் சொல்கிற கூலியில் மட்டும் பேரம் பேசவேண்டாம்.