பிரெஞ்சில் ‘ப்ளுஸ்’ என்றால் ‘இன்னும்’ என்பதா, ‘இனி இல்லை’ என்பதா?

இரண்டும்தான். எழுத்தில் ஒரே சொல், பெரும்பாலும் காதில்தான் பிரியும். வாக்கியக் கடைசியில் ‘இன்னும் அதிகம்’ என்ற பொருளில் வந்தால் பொதுவாக ‘ஸ்’ ஒலிக்கும்: ‘ப்ளுஸ்’. ‘இனி இல்லை’ என்றால் ‘ஸ்’ ஒலிக்காது: ‘ப்ளு’.

இலக்கணப்படி மறுப்பில் வினைக்கு முன்னால் ‘ந’ என்ற சிறுசொல் வர வேண்டும். பேச்சில் அதை விழுங்கிவிடுவார்கள், சிக்கலே அங்கேதான். சாப்பிடும்போது ‘ஜான் வெ ப்ளுஸ்’ என்றால் இன்னும் கொஞ்சம் வேண்டும். ‘ஜான் வெ ப்ளு’ என்றால் போதும், இனி வேண்டாம். இதையே குறுஞ்செய்தியில் படித்தால் பிரெஞ்சுக்காரரே சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், ஒப்பிடும்போது மட்டும் கவனம்: ‘ப்ளு க்ரான்’ என்றால் ‘இன்னும் பெரிய’. இங்கே மறுப்பே இல்லை, ஆனாலும் ‘ஸ்’ ஒலிக்காது.