மாசைக் குறைக்கும் செலவால் தொழிலுக்கு லாபம் உண்டா?

சுற்றுச்சூழலுக்கு உகந்த முறைகளுக்கு மாறுவதால் நிறுவனத்துக்குச் செலவைத் தவிர வேறென்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள்; இதற்குத் திருப்பூர்ச் சாயத் தொழிலைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு ஏராளமாகத் தேவைப்படும். அந்த உப்பும் துணியில் பிடிக்காத சாயமும் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்து, அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைவரை நீரைப் பாழாக்கியதால், உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரே வீச்சில் மூடப்பட்டன. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் மிச்சம் பிடித்த பணமெல்லாம், பட்டறை பூட்டிக் கிடந்த நாள்களில் கரைந்துபோனது என்றே சொல்ல வேண்டும்.

அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை வேரூன்றியது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) என்ற, நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறையில் வடித்தெடுத்த நீரில் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசிய உப்புகள்) மிகக் குறைவு என்பதால், துணியில் திட்டுத்திட்டாகப் படியாமல் சாயம் சீராக ஏறுகிறது. மீட்ட உப்பும் மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது. எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் கலன்களுக்கான எரிபொருள் செலவு இன்றும் கையைக் கடிக்கத்தான் செய்கிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஏற்றுமதி ஆர்டர் தருமுன் சாயக்கழிவு எங்கே போகிறது என்று விசாரிக்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம் சொல்வதற்குச் சாயப்பட்டறைக்காரர்களிடம் பதில் இருக்கிறது.