கருப்பை உட்சுவர் வளரவில்லை: ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் கர்ப்பம் பத்தாவது வாரத்தில் கலைந்ததால், கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்தார்கள். உள்ளே மிச்சம் இருக்கிறது என்று மூன்று வாரம் கழித்து மறுபடியும் செய்தார்கள். அதற்கு அப்புறம் மாதவிலக்கு ஒரே நாள்தான், அதுவும் கறை மாதிரி. ஐவிஎஃப் செய்து நான்கு கருக்களை உறைய வைத்திருக்கிறோம். ஆனால் எவ்வளவு மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பை உட்சுவர் 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அதனால் இரண்டு முறை கரு வைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். இப்போது வேறொரு மையத்தில், இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துச் செலுத்தினால் உட்சுவர் நிச்சயம் வளரும் என்கிறார்கள். நம்பலாமா? அந்த இரண்டாவது டி அண்ட் சி-க்கு நான் சம்மதித்திருக்கக் கூடாதோ என்றும் மனது உறுத்துகிறது.

பதில்: கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களை அதிகம் வருத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. கர்ப்பத் திசு உள்ளே தங்கிவிட்டால் ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம், கிருமித்தொற்றும் வரலாம். அதனால்தான் அதை எடுக்க முடிவு செய்திருப்பார்கள். நீங்கள் சம்மதித்ததில் எந்தத் தவறும் இல்லை. கர்ப்பம் முடிந்த சில வாரங்களுக்குக் கருப்பைச் சுவர் மிகவும் மென்மையாக இருக்கும். அந்த நேரத்தில் சுரண்டும்போது தழும்பு விழும் வாய்ப்பு கூடுதல். கவனமாகச் செய்யும் கைகளிலும் இது நடந்துவிடுவதுண்டு.

கருப்பை உட்சுவரில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு மாதாமாதம் வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்துவிடும். அடியடுக்கு அப்படியே இருந்து அடுத்த மாதத்துக்கான மேலடுக்கை உருவாக்கும். புல்லை மேலாக அறுத்தால் ஒரு வாரத்தில் துளிர்த்துவிடும். வேரோடு செதுக்கினால் மண்தான் மிஞ்சும், இல்லையா? சுரண்டல் அடியடுக்குவரை போய்விட்டால் அந்த இடத்தில் தழும்பு விழுகிறது, எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளவும் செய்கின்றன. 1894-லேயே ஹைன்ரிக் ஃபிரிட்ச் இதை எழுதியிருந்தாலும், 1948-ல் விரிவாக விவரித்த ஜோசப் ஆஷர்மன் பெயரால்தான் இன்றும் இதை ஆஷர்மன் சிண்ட்ரோம் என்கிறோம். டி அண்ட் சி-க்குப் பிறகு மாதவிலக்கு கறையளவுக்குச் சுருங்கியது என்று நீங்கள் சொல்வது இதோடு ஒத்துப்போகிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு முக்கியமான விஷயத்தைக் காணவில்லை. ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்தார்களா? அதாவது மெல்லிய கேமராவைக் கருப்பைக்குள் செலுத்தி யாராவது நேரில் பார்த்தார்களா? 5 மில்லிமீட்டர் என்பது ஸ்கேனில் வந்த ஓர் அளவு. காரணத்தை அது சொல்லாது. உட்சுவர் முழுவதும் மெலிந்திருந்தாலும் 5 வரலாம். பாதி இடம் நன்றாக இருந்து மீதி ஒட்டிக்கொண்டிருந்தாலும் 5 வரலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தழும்பாகிவிட்ட இடத்தில், உட்சுவரை வளர்க்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போவதில் பலன் இருக்காது.

ஒட்டுதல் இருந்தால் அதே கேமரா வழியாகச் சின்னக் கத்தரிக்கோலால் பிரித்துவிடலாம். பிரித்த சுவர்கள் மறுபடி ஒட்டாமலிருக்க, கருப்பைக்குள் ஒரு சிறு பலூனைச் சில நாட்களுக்கு வைத்திருப்பதுண்டு. சில வாரங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தருவோம். அப்புறம் இரண்டாம் முறை கேமரா வைத்துப் பார்ப்போம். இந்த இரண்டாவது பார்வையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். புதிதாக ஒட்ட ஆரம்பித்திருந்தால் அப்போது எளிதாகப் பிரித்துவிடலாம். லேசான, நடுத்தர ஒட்டுதல் உள்ள பெரும்பாலோருக்கு இதிலேயே மாதவிலக்கு சீராகிவிடுகிறது. கடுமையான ஒட்டுதல்தான் திரும்பத் திரும்ப வந்து தொல்லை தரும். கேமரா வைக்கும்போதே உட்சுவரில் துளி திசு எடுத்துக் காசநோய்க்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கருப்பைக் காசநோயும் இதே மாதிரி உட்சுவரை அழிக்கும். அது இருந்தால் முதலில் அதற்கான மருந்துதான், மற்றதெல்லாம் பிறகு.

சரி, ஸ்டெம் செல்லுக்கு, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லுக்கு, வருவோம். இது வெறும் விளம்பரச் சரக்கு அல்ல, பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. 2004-ல் வந்த ஓர் ஆய்வு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வேறொருவரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்ற நான்கு பெண்களின் கருப்பை உட்சுவரைப் பரிசோதித்தபோது, மஜ்ஜை கொடுத்தவரின் செல்கள் அங்கே இருந்தன! மஜ்ஜையிலிருந்து புறப்படும் செல்கள் கருப்பைவரை போய்ச் சேருகின்றன என்று அதிலிருந்துதான் தெரியவந்தது. 2011-ல் அகமதாபாத் மருத்துவர்கள், கடுமையான ஆஷர்மன் உள்ள ஒரு பெண்ணுக்கு அவருடைய சொந்த மஜ்ஜைச் செல்களைச் செலுத்தி, ஐவிஎஃப் மூலம் கருத்தரித்ததை வெளியிட்டார்கள். 2016-ல் ஸ்பெயினின் வலென்சியா குழு 16 பெண்களிடம் செய்து பார்த்தது. 2018-ல் சீனாவின் நான்ஜிங் குழு 26 பெண்களுக்குச் செய்ததில் 10 பேர் கருத்தரித்தார்கள், 8 குழந்தைகள் பிறந்தன.

இதைப் படிக்கும்போது மனதில் நம்பிக்கை வருவது இயல்பு, எனக்கும் வருகிறது. ஆனால் எண்ணிக்கையைக் கவனியுங்கள்: ஒருவர், 16 பேர், 26 பேர். பக்கத்திலேயே ஸ்டெம் செல் போடாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிட்ட ஆய்வுகளும் இல்லை இவை. நான்ஜிங்கில் ஒட்டுதலைப் பிரித்துவிட்டுத்தான் செல்களை வைத்தார்கள். அப்படியானால் பலன் தந்தது பிரித்த அறுவை சிகிச்சையா, செல்லா? இதற்குப் பதில் தெரியாமல் "நிச்சயம் வளரும்" என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சை என்பது ஒரே சிகிச்சை இல்லை. வலென்சியாவில் சில நாட்கள் ஊசி போட்டு மஜ்ஜைச் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்தார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் பிரித்தெடுத்து, கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தினார்கள். நான்ஜிங்கில் பயன்பட்டவை பிரசவித்த தாய்மார் கொடுத்த தொப்புள்கொடியின் செல்கள். அவற்றைக் கொலாஜன் படலத்தில் வைத்துக் கருப்பைக்குள் பதித்தார்கள். மஜ்ஜைச் செல்களை ஊசியால் உட்சுவருக்கு அடியில் போட்டவர்களும் உண்டு. ஓரிடத்துப் பலனை இன்னோரிடத்து ஊசிக்குச் சான்றாகக் காட்டுவது சரியல்ல. செல்கள் தாமே உட்சுவராக மாறுவதைவிட, புது ரத்தக்குழாய்கள் வளரத் தூண்டும் பொருட்களைச் சுரந்தே வேலை செய்கின்றன என்றுதான் இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே அந்த மையத்தில் நேரடியாகவே கேளுங்கள். எந்த வகைச் செல், எந்த வழியாகச் செலுத்துகிறீர்கள்? இது ஆராய்ச்சி என்றால் பதிவு எண் என்ன, எந்த எதிக்ஸ் கமிட்டி அனுமதித்தது? ஒழுங்கான ஆராய்ச்சியில் பரிசோதிக்கப்படும் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பணமும் கேட்டு, உறுதியும் கொடுத்து, காகிதம் எதுவும் காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முறையான ஆய்வு என்றால், ஒட்டுதலை ஒழுங்காகப் பிரித்தும் பலனில்லாத நிலையில் நீங்கள் சேர்வதில் எனக்கு மறுப்பில்லை. சொந்த மஜ்ஜையை எடுப்பதில் வலி, ரத்தக்கசிவு, சிறிதளவு தொற்று அபாயம் உண்டு. பிறர் செல்கள் என்றால் அவை எங்கே, எப்படிச் சுத்தமாக வளர்க்கப்பட்டன என்பதையும், நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

உங்கள் சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பிஆர்பி (தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) பற்றியும் சொல்லியிருப்பார்கள். அது எளிது, ஆபத்து குறைவு. ஆனால் சான்று இன்னும் கலவையாகத்தான் இருக்கிறது.

அவசரப்பட வேண்டியதில்லை. உறைய வைத்த கருக்களுக்கு வயது ஏறாது. சில மாதம் எடுத்து உட்புறத்தைச் சரிசெய்வதால் அவற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கரு வைக்க உட்சுவர் 7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதும் கல்லில் செதுக்கிய சட்டமல்ல. அதற்குக் கீழே வாய்ப்பு குறைகிறது, இல்லாமல் போவதில்லை. ஒட்டுதல் நீங்கி உட்புறம் திறந்து, ஸ்கேனில் உட்சுவர் மூன்று கோடுகளாகத் தெளிவாகத் தெரிந்தால், 6 மில்லிமீட்டரில் ஒரே ஒரு கருவை வைத்துப் பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். எல்லாம் செய்தும் உட்சுவர் மீளவில்லை என்றால், அதே கருக்களை வாடகைத்தாய் மூலம் சுமக்கும் வழி உங்கள் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறதா என்று அப்போது பேசலாம்.

கரு தங்கிவிட்டால் ஒன்றை மறக்காதீர்கள். கருப்பையில் தழும்பு இருந்தவர்களுக்கு நஞ்சுக்கொடி சுவருக்குள் ஆழமாகப் பதிந்துவிடலாம். பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்குக்கு அது காரணமாகும். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் இரண்டு டி அண்ட் சி-களையும், செய்துகொண்ட ஹிஸ்டெரோஸ்கோப்பியையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். நஞ்சுக்கொடியை அவர் ஸ்கேனில் தனியாகக் கவனித்துப் பார்ப்பார்.